அந்த ஃபிளாக்கை யாரெல்லாம் எழுதுகிறார்கள்?

அன்புள்ள சங்கர்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் டாக்டர் சொன்ன நாள் வரை விடாமல் போடச் சொல். பார்வை தெளிந்துவிட்டது என்று அவரே பாதியில் நிறுத்திவிடக்கூடிய ஆள். இங்கே எல்லோரும் சௌக்கியம். மீனா கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கிவிட்டாள்.

இத்தனை வருஷம் டேட்டாபேஸ் பக்கமே இருந்த நீ நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளை, அதாவது டிரைவரை, எழுதும் குழுவுக்கு மாறியதில் எனக்குத்தான் அதிக சந்தோஷம். இனி நம் கடிதங்களில் பேச நிறைய இருக்கும். நீ கேட்ட விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

லோடு ஏறும்போது எப்போதாவது ஒருமுறை கார்டு பேக்கெட் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது, வெளியிலிருந்து வருவது மட்டும் வந்துகொண்டே இருக்கிறது, இன்டர்ஃபேஸை டவுன் செய்து மறுபடி அப் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது என்று எழுதியிருக்கிறாய். ஹார்ட்வேர் மேல் சந்தேகப்பட்டு கார்டையே மாற்றியும் பார்த்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ கார்டு மேல் தப்பில்லை என்றே தோன்றுகிறது. உங்கள் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ் வகையின் வழி வந்தது என்கிறாய். அப்படியென்றால் இன்டர்ஃபேஸ் ஸ்ட்ரக்சரில் இருக்கும் ஃபிளாக்ஸ் வேர்டைத்தான், அதாவது ஒவ்வொரு பிட்டும் ஓர் ஆம்-இல்லை அடையாளமாக இருக்கும் எண்ணைத்தான், முதலில் பார்க்க வேண்டும்.

பழைய பிஎஸ்டியில் அந்த ஒரே வேர்டில் இரண்டு வீட்டுச் சாமான்களும் கிடக்கும். இன்டர்ஃபேஸ் அப், பிராமிஸ்குவஸ் (யாருக்கு வரும் பேக்கெட்டையும் வாங்கும் நிலை) போன்ற பிட்டுகள் நெட்வொர்க் ஸ்டாக்குடையவை, அதாவது டிரைவருக்கு மேலே பேக்கெட்டுகளைக் கையாளும் கெர்னல் பகுதியுடையவை. ரன்னிங், ஓஆக்டிவ் இரண்டும் டிரைவருடையவை. ஓஆக்டிவ் என்ன செய்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும். அனுப்பும் ரிங் (கார்டு அனுப்ப வேண்டிய பேக்கெட்டுகளின் வட்ட வரிசை) நிறைந்ததும் டிரைவர் அந்த பிட்டைப் போடும். அது இருக்கும்வரை ஸ்டாக் டிரைவரின் ஸ்டார்ட் ஃபங்ஷனைக் கூப்பிடாது. பேக்கெட்டுகள் போய்ச் சேர்ந்து ரிங்கில் இடம் விழுந்ததும், இன்டரப்ட் (கார்டு பிராசஸரைக் கூப்பிடும் சைகை) வந்து டிரைவர் பிட்டை எடுக்கும். பிறகு வண்டி மறுபடி ஓடும்.

இப்போது பிராசஸரின் இரண்டு கோர்களை மனதில் வை. ரிங் நிறைந்திருக்கிறது, ஓஆக்டிவ் போட்டிருக்கிறது. அந்த நேரம் யாரோ பேக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டுகிறார்கள். முதல் கோரில் ஸ்டாக், பிராமிஸ்குவஸ் பிட்டைப் போடுவதற்காக ஃபிளாக்ஸ் வேர்டை மெமரியிலிருந்து படிக்கிறது. படித்த மதிப்பில் ஓஆக்டிவ் இருக்கிறது. அது திரும்ப எழுதுவதற்குள் இரண்டாவது கோரில் இன்டரப்ட் வந்து, ரிங்கைக் காலி செய்து, ஓஆக்டிவை எடுத்து எழுதிவிடுகிறது. அடுத்த நொடித்துளியில் முதல் கோர் தன் கையிலிருக்கும் பழைய மதிப்போடு பிராமிஸ்குவஸ் பிட்டைச் சேர்த்து எழுதுகிறது. எடுக்கப்பட்ட ஓஆக்டிவ் திரும்ப உட்கார்ந்துவிட்டது. ரிங் காலி, ஆனால் பிட் இருப்பதால் ஸ்டாக் டிரைவரைக் கூப்பிடாது. கூப்பிடாததால் ரிங்கில் எதுவும் ஏறாது. எதுவும் ஏறாததால் அனுப்பி முடிந்ததாக இன்டரப்டும் வராது. பிட்டை எடுக்க வேண்டியவன் அந்த இன்டரப்ட்டில்தான் இருக்கிறான். ரிங்கில் அனுப்ப வேண்டியது பாக்கி இல்லை என்பதால், அனுப்புவது தாமதமானால் எழுப்பும் வாட்ச்டாக் டைமரும் ஓடாது. டவுன் செய்து அப் செய்தால் இனிஷியலைஸ் ஆகும்போது பிட் போய்விடும், எல்லாம் சரியாகிவிடும். நீ எழுதிய அறிகுறி அத்தனையும் இதில் அப்படியே பொருந்துகிறது பார்.

அதனால் அடுத்தமுறை தொங்கும்போது கார்டைக் கழற்றாமல் இரண்டே விஷயத்தைக் குறித்துக்கொள்: ஓஆக்டிவ் இருக்கிறதா, ரிங்கில் அனுப்பாமல் கிடக்கும் டிஸ்கிரிப்டர் (ஒரு பேக்கெட்டுக்கான பதிவு) உண்டா. பிட் இருந்து ரிங் காலியாக இருந்தால், சந்தேகமே வேண்டாம், தப்பு கார்டில் இல்லை, அந்த பிட்டில்தான்.

ஒரு பிட்டைப் போட நீ எழுதிப் பார்த்த ஆர்-ஈக்வல் (|=) வரி எக்ஸ்86-ல் ஒரே இன்ஸ்ட்ரக்ஷனாக வருவதைக் காட்டி, "ஒரே இன்ஸ்ட்ரக்ஷன்தானே, நடுவில் யார் நுழைய முடியும்?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. ஒரு கோர் மட்டும் இருந்தால் நீ சொல்வது சரி, இன்டரப்ட்டால் ஒரு இன்ஸ்ட்ரக்ஷனின் நடுவே புக முடியாது. ஆனால் மற்ற கோர்களைத் தடுக்கும் லாக் பிரிஃபிக்ஸ் இல்லாத அந்த இன்ஸ்ட்ரக்ஷனுக்குள்ளேயே படிப்பதும் எழுதுவதும் தனித்தனிச் செயல்கள். அவற்றுக்கு இடையில் இன்னொரு கோர் எழுத முடியும். ஆர்ம் மாதிரியான சிப்களில் படிப்பு, கணக்கு, எழுத்து மூன்றும் மூன்று இன்ஸ்ட்ரக்ஷன்களாகவே கண்ணுக்குத் தெரியும். மாறியை சி மொழியில் வாலட்டைல் என்று அறிவித்தாலும் இது மாறாது.

அந்தக் காலத்து பிஎஸ்டிக்காரர்கள் கவனக்குறைவாக எழுதினார்கள் என்று நினைத்துவிடாதே. ஒரே பிராசஸர் இருந்தபோது ஸ்ப்ல்நெட் கூப்பிட்டு நெட்வொர்க் இன்டரப்ட்டைத் தடுத்துவிட்டால் போதும், வேறு யாரும் குறுக்கே வர முடியாது. பல பிராசஸர் வந்த பிறகு கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) இருந்தவரைக்கும் கூட அது தாங்கியது. பிஎஸ்டி வழி வந்த ஃப்ரீபிஎஸ்டியின் 5.3-இல், 2004 நவம்பரில், நெட்வொர்க் ஸ்டாக் அந்தப் பெரிய லாக் இல்லாமல் ஓடுவதே வழக்கமானது. அதற்குப் பிறகுதான் இந்த வேர்டின் பிரச்சினை முற்றியது. 2005-இல் அதன் டெவலப்பர் ராபர்ட் வாட்சன் ரன்னிங்கையும் ஓஆக்டிவையும் பெயர் மாற்றி, டிரைவருக்கென்றே புதிதாக ஒரு ஃபிளாக்ஸ் ஃபீல்டுக்குக் கொண்டுபோனார். அந்த ஃபீல்டைப் பூட்டிப் பாதுகாப்பது டிரைவரின் பொறுப்பு. ஸ்டாக் அதைப் படிக்கலாம், எழுதக் கூடாது.

அதே வழியில் வந்த ஓபன்பிஎஸ்டி அந்த இடத்துக்கு 2015 நவம்பரில் வந்தது. அதன் டெவலப்பர் டேவிட் க்வின் அந்த மாற்றத்தோடு எழுதிய விளக்கத்தை உன் குழுவில் எல்லோரும் படிக்க வேண்டும் என்பேன். சாராம்சம் இவ்வளவுதான்: ஃபிளாக்ஸ் ஃபீல்டு ஷார்ட் வகை, 16 பிட். ஷார்ட்டின் மேல் அடாமிக் செயல் (படித்து மாற்றி எழுதுவதை நடுவே யாரும் புக முடியாத ஒரே செயலாகச் செய்வது) செய்ய எல்லா மெஷினுக்கும் பொதுவான வழி அங்கே இல்லை. அது முதல் சிக்கல். இரண்டாவதுதான் முக்கியம். ஓஆக்டிவை மட்டும் அடாமிக்காக மாற்றினாலும் பயனில்லை, அதே வேர்டில் இருக்கும் மற்ற பிட்டுகளை எழுதும் ஒவ்வொரு இடத்தையும் அதே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒரே ஒரு இடம் பழைய மாதிரி படித்து எழுதினாலும் போதும், ஓஆக்டிவில் செய்த மாற்றம் அழிந்துவிடும். ஆகவே அந்த அடையாளத்தை அந்த வேர்டிலிருந்தே எடுத்து, அனுப்பும் கியூவின் ஸ்ட்ரக்சருக்குள் தனி மாறியாக வைத்து, அதைத் தொடுவதற்கென்று மூன்று ஃபங்ஷன்களைக் கொடுத்தார்கள்: போட, எடுக்க, பார்க்க.

உங்கள் சீனியர் "டிரைவரில் அந்த இரண்டு வரியை மட்டும் அடாமிக் ஆக்கிவிடலாம்" என்று சொல்வதாக எழுதியிருந்தாய். மரியாதையோடு சொல், அது போதாது. உன் டிரைவர் வரி எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், ஸ்டாக்கில் பிராமிஸ்குவஸ் போடும் வரி அதை மிதித்துவிடும். ஸ்டாக் முழுவதையும் அடாமிக் ஆக்குவதைவிட பிட்டை வெளியே எடுத்துவிடுவது சின்ன வேலை, நிலைத்து நிற்கும் வேலையும்கூட. ஒரு வேர்டைத் திறந்ததும் நான் முதலில் கேட்பது, இதை எழுதுகிறவர்கள் யார், அவர்கள் எல்லோரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்களா என்பதைத்தான். அடாமிக்கா, லாக்கா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

லினக்ஸைப் பார்த்தாலும் இதே ஒழுங்கு தெரியும். இன்டர்ஃபேஸின் அப், பிராமிஸ்குவஸ் ஃபிளாக்குகளை, நெட்வொர்க் அமைப்புகளைக் காக்கும் ஆர்டிஎன்எல் லாக்கை வைத்துக்கொண்டு மாற்றுகிறார்கள். கேரியர் (கேபிளில் இணைப்பு) இருக்கிறதா போன்ற நிலைகள் ஸ்டேட் என்ற வேறு வேர்டில், செட் பிட், கிளியர் பிட் ஃபங்ஷன்கள் வழியாக அடாமிக்காக மாறுகின்றன. அனுப்பும் கியூ நின்றிருக்கிறதா என்பது ஒவ்வொரு கியூவுக்கும் தனி ஸ்டேட் வேர்டில் இருக்கிறது. இன்டெலின் ஐ40இ டிரைவரில் வெறும் முழு எண்ணாக இருந்த ஃபிளாக்ஸ் ஃபீல்டைக்கூட 2023 கடைசியில், இதே ஃபங்ஷன்களால் தொடக்கூடிய பிட்மேப் (பிட்டுகளின் வரிசை) ஆக்கினார்கள்.

பிட்டைத் தனியே எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதே. அனுப்பும் பக்கம் ரிங்கில் இடமில்லை என்று பார்க்கிறது. பார்த்த கணத்துக்கும் "நிறுத்து" பிட்டைப் போடும் கணத்துக்கும் நடுவே முடிப்பு இன்டரப்ட் ரிங்கை முழுதாகக் காலி செய்து, பிட் இல்லையே என்று பார்த்துவிட்டுப் போய்விட்டால்? பிறகு போடப்பட்ட பிட்டை எடுக்க ஆளில்லை. பழைய தொங்கல்தான், வேறு வாசல் வழியாக. இதற்காக லினக்ஸில் இன்டெலின் இ1000, ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர்களில் பிட்டைப் போட்ட பிறகு முழு மெமரி பேரியர் (முன்னே செய்ததும் பின்னே செய்வதும் வரிசை மாறாமல் தடுப்பது) ஒன்று வைத்து, ரிங்கில் இடம் இருக்கிறதா என்று மறுபடி பார்க்கிறார்கள். இருந்தால் கியூவை உடனே திறந்துவிடுகிறார்கள். முடிப்புப் பக்கத்திலும் எதிர் வரிசையில் அதேபோல பேரியர் உண்டு. இரண்டில் ஒன்றை விட்டால் மற்றதும் வீண். உன் டிரைவரில் ஸ்டார்ட்டும் முடிப்பும் ஒரே லாக்குக்குள் நடக்கின்றன என்றால் இந்தத் தலைவலி இல்லை, லாக்கே வரிசையைக் காப்பாற்றும். லாக் இருக்கும் இடத்தில் வேகத்துக்காக என்று சொல்லி அதை எடுக்க யாராவது வந்தால், அளந்து காட்டச் சொல்.

செட் பிட், கிளியர் பிட் பற்றி இன்னொன்று. லினக்ஸில் இவை அந்த பிட்டுக்கு மட்டும்தான் உத்தரவாதம். அதற்கு முன்னும் பின்னும் எழுதிய மற்ற டேட்டா எந்த வரிசையில் அடுத்த கோருக்குத் தெரியும் என்று அவை சொல்வதில்லை. பழைய மதிப்பைத் திருப்பித் தரும் டெஸ்ட் அண்ட் செட் வகைதான் முழு வரிசையையும் காக்கும். ஐஎக்ஸ்ஜிபிஇயில் சர்வீஸ் டாஸ்க்கை (ரீசெட் போன்ற பின்னணி வேலைகளைச் செய்வது) வரிசையில் போடும்போது டெஸ்ட் அண்ட் செட். "டாஸ்க் முடிந்தது" என்று பிட்டை எடுக்கும் இடத்தில் அதற்கு முன் ஒரு பேரியர். இந்த இரண்டு ஃபங்ஷன்களும் அடுத்தடுத்து இருக்கின்றன, சில வரிகள்தான், ஒரு மாலை உட்கார்ந்து படி. "பிட் இருக்கிறதா பார், இல்லையென்றால் போடு" என்று இரண்டு படியாக எழுதியிருந்தால் இரண்டு கோரும் பிட் இல்லை என்றே பார்த்து, ஒரே டாஸ்க்கை வரிசையில் போடப் போயிருக்கக்கூடும்.

கார்டுக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் பக்கமும் இதே பேய் உண்டு, அங்கே இரண்டாவது கோர்கூடத் தேவையில்லை, கார்டே இரண்டாவது ஆள். ரியல்டெக் 8139 கார்டின் இன்டரப்ட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் எந்த பிட்டில் ஒன்று எழுதுகிறாயோ அந்த பிட் அழியும். மெமரியில் பழகிய கையோடு அதைப் படித்து, ஒரு பிட்டை ஆர் செய்து திரும்ப எழுதினால், நீ இன்னும் கவனிக்காத இன்டரப்ட்டுகளுக்கும் சேர்த்து "பார்த்துவிட்டேன்" என்று சொல்லிவிடுகிறாய். பேக்கெட் வந்து கிடக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். கையாண்ட பிட்டுகளை மட்டும் எழுத வேண்டும். இன்டெலின் இ1000 கார்டில் இன்டரப்ட் மாஸ்க்கை (எந்தெந்த இன்டரப்ட் வரலாம் என்ற பிட்டுகள்) போட ஒரு ரெஜிஸ்டர், எடுக்க வேறொரு ரெஜிஸ்டர். படித்துத் திரும்ப எழுதும் தேவையே இல்லாமல் செய்துவிட்டார்கள். ஹார்ட்வேர் வடிவமைத்தவர்கள் நம் கஷ்டத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அந்த டேட்டாஷீட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

உன் டிரைவரில் 64 பிட் ஃபீச்சர் வேர்டு ஒன்று இருப்பதாகச் சொன்னாய். அதில் மாஸ்க்குகளின் (எந்த பிட்டைத் தொடுகிறோம் என்று குறிக்கும் எண்களின்) வகையைப் பார்த்துக்கொள். ஹெக்ஸில் எட்டும் ஏழு சுழியும் எழுதினால் சி மொழியில் அது குறியில்லாத 32 பிட் எண். அதற்கு டில்டே (~) போட்டு, பிட்டுகளைத் தலைகீழாக்கி, 64 பிட் வேர்டோடு ஆண்ட் செய்தால், மேல் 32 பிட்டும் சத்தமில்லாமல் சுழியாகிவிடும். நீ ஒரு ஃபிளாக்கை எடுக்கப் போய் பாதி வேர்டு போய்விடும். மாஸ்க்கை ஆரம்பத்திலேயே 64 பிட்டாக வரையறுத்துவிடு. அப்புறம் 32 பிட் மாறியின் முகவரியை லாங் ஒன்றின் முகவரியாக மாற்றி செட் பிட்டுக்குக் கொடுக்கும் வழக்கம் எங்காவது இருந்தால் தூக்கி எறி. பிக் எண்டியன் (மேல் பைட்டை முதலில் வைக்கும்) 64 பிட் மெஷினில் அது பக்கத்து ஃபீல்டில் போய் எழுதும்.

ஸ்ட்ரக்சருக்குள் ஒரு பிட் அகலத்தில் பிட்ஃபீல்டு போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். படிக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்தடுத்த பிட்ஃபீல்டுகள் ஒரே மெமரி இடம்தான், எல்லாவற்றையும் ஒரே லாக்கால் காக்க வேண்டும் என்று லினக்ஸ் ஆவணமே சொல்கிறது. டிரைவர் கார்டைக் கண்டுகொண்டு தயாராகும் ப்ரோப் நேரத்தில் ஒருமுறை எழுதிவிட்டுப் பிறகு படிக்க மட்டும் செய்யும் விஷயங்களுக்கு வைத்துக்கொள், ஓடும்போது மாறுவதற்கு வேண்டாம்.

இந்த வாரம் நேரம் கிடைத்தால் ஒரு வேலை செய். அந்த ஃபிளாக்ஸ் ஃபீல்டுக்கு எழுதும் எல்லா இடங்களையும் கிரெப் செய்து தேடி எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அப்போது கையில் எந்த லாக் இருக்கிறது என்று குறித்து எனக்கு அனுப்பு. தொங்கியபோது எடுத்த ஃபிளாக் மதிப்பும் ரிங்கின் தலை, வால் எண்களும் இருந்தால் அவற்றையும் சேர்த்துவிடு. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னாயே, தேதி முடிவானதும் சொல், வீட்டிலேயே தங்கலாம். அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி