தெரியாத எண்ணை எடுக்காமல் தொழில் நடத்த முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விற்பனை அழைப்புத் தொல்லையைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ‘அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள்’ என்ற யோசனையோடு முடிகிறது. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது சரிப்பட்டு வரலாம். எனக்கு அது கடையை மூடச் சொல்வதற்குச் சமம். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். மோட்டார் எரிந்துபோய்க் கூப்பிடும் விவசாயியின் எண் என் போனில் எப்படிப் பதிந்திருக்கும்? பிளம்பர், ஆட்டோ ஓட்டுநர், சமையல்காரர் என்று எங்களைப் போன்ற எல்லோருக்கும் பிழைப்பே தெரியாத எண்ணில்தான் வருகிறது.

காயில் கட்டும்போது ஒயரை மோட்டாரின் ஸ்லாட்டுக்குள், அதாவது காடி போன்ற பள்ளத்துக்குள், விட்டு இழுத்து, ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே வர வேண்டும். நடுவில் போன் அடிக்கும். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் யாரோ தவிக்கிறார் என்று எடுத்தால், ‘சார், உங்கள் பெயருக்குக் கடன் அனுமதியாகியிருக்கிறது’ என்பார்கள். நான் எங்கே கேட்டேன் என்று சொல்லிப் போனை வைப்பதற்குள் எண்ணிக்கை போய்விடும். சுற்று குறைந்தால் மோட்டார் சூடேறும். ஆகவே மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

தொல்லை வேண்டாம் என்று பதிவு செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்திருக்கிறேன். 1909 என்ற எண்ணுக்கு ‘ஸ்டார்ட் 0’ என்று குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். ஓடிபி வராமல் போய்விடுமோ என்று பயந்து பலர் இதைச் செய்வதில்லை. அந்தப் பயம் தேவையில்லை, வங்கியின் பரிவர்த்தனைச் செய்திகள் வழக்கம்போல வரும். பதிவு செய்த பிறகு 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து வந்த அழைப்புகள் நின்றன. விதியை மதித்து முறையாகப் பதிவு செய்துகொண்ட விற்பனையாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து கூப்பிடுகிறார்கள். பார்த்தால் பக்கத்து ஊர் விவசாயியின் எண் போலவே இருக்கும்.

விதி இல்லாமல் இல்லை. விளம்பர அழைப்புக்கு 140 வரிசை, வாடிக்கையாளர் சேவை அழைப்புக்கு 1600 வரிசை, இவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் விதிகளைத் திருத்தியது. அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் புகார் செய்யலாம். பதிவு செய்யாத விற்பனையாளர் மீது தொலைபேசி நிறுவனம் 5 நாட்களில் நடவடிக்கை எடுக்க வேண்டும். முன்பு புகாருக்கு 3 நாள், நடவடிக்கைக்கு 30 நாள் என்று இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். நானும் எண், தேதி, பேசிய விஷயம் எல்லாவற்றையும் எழுதி 1909-க்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று பதிலும் வருகிறது. பிறகு அதே கடன், அதே நிறுவனத்தின் பெயர், வேறு எண்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. துண்டிக்கப்படுவது ஏதோ ஒரு முகவரின் சிம். கடன் கொடுத்து வட்டி வாங்கப்போகிற நிறுவனம் நோகாமல் உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், ‘அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்ல, ஏஜென்சி’ என்பார்கள். வேலையை வெளியாட்களிடம் ஒப்படைத்தாலும் அவர்கள் செய்வதற்கு வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2006-லேயே சொல்லிவிட்டது. அதை யாராவது எடுத்துப் படித்தால் தேவலை.

போனில் பேசும் பிள்ளைகளைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. பட்டப்படிப்பு முடித்துவிட்டு, மாத இலக்கு என்ற கத்தி தலைக்கு மேல் தொங்க உட்கார்ந்திருக்கிறார்கள். ‘வேண்டாம் என்றால் வையுங்கள் சார், திட்ட மட்டும் செய்யாதீர்கள்’ என்று ஒரு பெண் சொன்னாள். அவளிடம் என் எண்ணைக் கொடுத்தது யார் என்று கேட்டேன், அவளுக்கே தெரியவில்லை. கம்ப்யூட்டர் திரையில் வரும் எண்ணோடு பேசுவதுதான் அவள் வேலையாம். ஜவுளிக்கடையில் பில் போடும்போது நாம் சொல்லும் எண் எங்கெல்லாம் போய் வருகிறதோ! சொன்ன காரியத்துக்கு மட்டுமே ஒருவருடைய விவரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே இயற்றியிருக்கிறார்கள்.

புகார் செய்தவருக்கு வரும் பதிலில், அந்த அழைப்பு எந்த நிறுவனத்துக்காக வந்தது, அந்த நிறுவனத்தின் மீது என்ன நடவடிக்கை என்ற இரண்டு விவரமும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிறுவனவாரியாகப் புகார்களின் எண்ணிக்கையை டிராய் வெளியிடட்டும். எந்த வங்கியின் பெயர் பட்டியலின் உச்சியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, டெபாசிட்டை எங்கே போடுவது என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.