முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு மண்டபம் பிடிக்கும் வேலை சென்னையில் மும்முரமாக நடக்கிறது. மார்கழி பிறந்துவிட்டால் தை வரை காத்திருக்க வேண்டும் என்பதால் எல்லோரும் இந்த இரண்டு மாதங்களில்தான் வந்து குவிகிறார்கள். வடகிழக்குப் பருவமழை வலுப்பதும் இதே மாதங்களில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் மறுபடி மூடினார்கள். மூன்றுமே கார்த்திகை மாதத் தேதிகள்.

மழை மட்டும் காரணமல்ல. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியை மூடியபோது தோஹா வழியாக வர வேண்டியவர்கள் பாதி வழியில் நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் பணிநேர விதி மாற்றத்துக்குப் போதிய ஆள் இல்லாமல் உள்நாட்டு விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. ஹுப்பள்ளியில் ஒரு வரவேற்பில் பெற்றோர் மேடையில் உட்கார, மணமக்கள் திரையில் தோன்றியதைச் செய்திகளில் பார்த்தோம்.

பயணமும் சரக்கும் தவறும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டிய காலம் இது. லக்னப் பத்திரிகை எழுதும் அன்றே இன்னொரு தாளையும் எழுதிவிடுங்கள். முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த ஆள், எந்தப் பொருள், கடைசியாக எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும், வராவிட்டால் என்ன மாற்று என்பது அதில் இருக்கட்டும்.

முதலில் ஆட்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மணமகனோ மணமகளோ ஏழு முதல் பத்து நாள் முன்னதாக வந்திறங்க வேண்டும். பந்தக்காலுக்கு முதல் நாள் போதும் என்று விடுப்பைக் கணக்குப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். அதைவிடப் பெரிய தவறு, விலை குறைகிறதே என்று லண்டன்–துபாய் ஒரு டிக்கெட், துபாய்–சென்னை வேறொரு டிக்கெட் எடுப்பது. ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். திரும்பும் டிக்கெட்டும் அத்தோடு ரத்தாகிவிடலாம்.

இழப்பீட்டை நம்பவும் முடியாது. உள்நாட்டு விமானம் 24 மணி நேர முன்னறிவிப்பு இல்லாமல் ரத்தானால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி சொல்கிறது. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகைதான் கிடைக்கும். புயல், போர் போன்ற காரணமென்றால் அதுவும் இல்லை. டிக்கெட் பணம் திரும்பும் அல்லது மாற்று விமானம் கிடைக்கும். கல்யாணச் செலவில் இது எந்த மூலைக்குக் காணும்?

ரயிலில் வரும் உறவினர்களுக்கு முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் முன்புதான் திறக்கிறது. பத்திரிகை அச்சாகும் வரை காத்திருக்காமல், தேதி குறித்ததுமே அந்த 60ஆவது நாள் எது என்று ஊருக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் என்பதால் நாற்பது பேருக்கு ஏழு டிக்கெட். ஏழு பேர் ஏழு கைப்பேசியில் காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ பெருங்கூட்டமாக வருகிறவர்கள் முழுப் பெட்டியாகவே பதிவு செய்யலாம். அதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

மழைக்காலத்தில் கோவை, பெங்களூரு வழியில் ஒரு சிக்கல் உண்டு. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே உள்ள 14ஆம் எண் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டால் சென்ட்ரலுக்கு வண்டி வராது. ஆவடியிலோ திருவள்ளூரிலோ அரக்கோணத்திலோ நிறுத்திவிடுவார்கள். அந்த ஊர்களில் ஒரு வேன்காரர் எண்ணை முன்பே வாங்கி வையுங்கள். வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணத்தைக் கைவிட்டால் முழுப் பணமும் திரும்பும். ஆனால் ஏறும் நிலையத்தை விட்டு வண்டி கிளம்புவதற்குள் பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பமான டி.டி.ஆர். பதிவு செய்திருக்க வேண்டும். இது தெரியாமல் பணத்தை விட்டவர்கள் ஏராளம்.

அடுத்து சாமான்கள். தாலி, மெட்டி, கூறைப்புடவை, தைத்த ரவிக்கை, பட்டு வேட்டி எல்லாம் கைப்பெட்டியில்தான் வர வேண்டும். பெரிய பெட்டி தொலைந்தால் சர்வதேசப் பயணத்தில் அதிகபட்ச இழப்பீடு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் இரண்டாயிரம் டாலர். காஞ்சிபுரம் பட்டுக்கு அது எம்மாத்திரம்! பெட்டி வரவில்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் புகார் எண் வாங்குங்கள். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பெண் 40 கிராம், ஆண் 20 கிராம் நகை வரியின்றிக் கொண்டுவரலாம். மீதியை அறிவித்துவிடுவதுதான் நல்லது. சுங்கத்தில் நகை சிக்கினால் முகூர்த்தத்துக்குள் மீட்பது பெரும்பாடு.

வெளிநாட்டில் கல்யாணம், சாமான் இங்கிருந்து என்றால் கணக்கே வேறு. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியபின் கப்பல்கள் சூயஸைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின; ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் கூடியது. தாம்பூலப் பை, குத்துவிளக்கு, மணவறை அலங்காரம் போன்றவை பலருடைய சரக்கோடு ஒரே கன்டெய்னரில், எல்.சி.எல். முறையில் போகும். அதில் யாரோ ஒருவருடைய பெட்டியைச் சுங்கம் நிறுத்தினாலும் உங்கள் பெட்டியும் நிற்கும். அதனால் நான்கு மாதம் முன்பே அனுப்புங்கள். பட்டியலில் ‘கல்யாணச் சாமான்’ என்று மொத்தமாக எழுதாமல், பித்தளை விளக்கு 2, பருத்திப் பை 300 என்று பொருள், எண்ணிக்கை, விலையோடு எழுத வேண்டும். அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நீங்கிவிட்டது. அப்போது இந்திய அஞ்சல் துறையே பெரும்பாலான பார்சல்களை அக்டோபர் நடுப்பகுதி வரை நிறுத்தி வைத்திருந்தது. கற்பூரத்தையும் கொப்பரையையும் விமானப் பெட்டியில் வைக்காதீர்கள், இரண்டும் தீப்பற்றக்கூடியவை. மாவிலை, பூ, விதை போன்றவை பெரும்பாலும் ஆஸ்திரேலிய எல்லையைத் தாண்டாது.

பூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரை, திண்டுக்கல் பக்கம் விடிவதற்குள் பறித்த மல்லி மொட்டு அன்று மாலையே மலரத் தொடங்கிவிடும். மழையில் லாரி ஆறு மணி நேரம் தாமதித்தால் கோயம்பேட்டுக்கு வருவது மொட்டு அல்ல, விரிந்த பூ. தெர்மாகோல் பெட்டியில் அனுப்பச் சொல்வதென்றால், ஐஸ் பையைச் செய்தித்தாளில் சுற்றி அடியில் வைத்து, மேலே வாழையிலை விரித்து, அதன்மேல் பூவை வைக்கச் சொல்லுங்கள். ஐஸ் நேராகப் பட்ட மொட்டு கண்ணாடிபோல் ஆகி, வெளியே எடுத்ததும் பழுப்பாகிவிடும். மாலைக்குச் சம்பங்கியும் ஓசூர் ரோஜாவும் பாதுகாப்பு. மல்லியைத் தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்திலும் நாள் கணக்கு உண்டு. சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் முடிப்பவர்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருந்து அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதன்பின் மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும். விமானம் தவறினால் இந்தக் கணக்கும் தள்ளிப்போகும். தமிழ்நாட்டில் நடக்கும் எந்தத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு.

கடைசியாக மண்டபம். முன்பணம் கொடுப்பதற்குள் சாப்பாட்டுக் கூடமும் ஜெனரேட்டரும் தரைக்குக் கீழே இருக்கின்றனவா என்று இறங்கிப் பாருங்கள்; மழைத் தண்ணீர் முதலில் புகுவது அங்கேதான். மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் உள்ள மண்டபம் கிடைத்தால் சற்று வாடகை கூடினாலும் விடாதீர்கள்.

மண்டப உரிமையாளர்களுக்கும் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. விமான நிலையம் மூடப்பட்டாலோ வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தாலோ, முன்பணத்தை அடுத்த முகூர்த்தத்துக்கு மாற்றித் தருவோம் என்று ஒரு வரியை ரசீதிலேயே அச்சடியுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது புயலன்று யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

இப்படிக்கு,
திருமண ஏற்பாட்டுப் பணியில் உள்ளோர்,
தியாகராய நகர், சென்னை.