இருந்தாலும் இல்லாவிட்டாலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுத் தோட்டப் பக்கத்தில், 'பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை மருந்து அடித்துவிடுங்கள், வருமுன் காப்போம்' என்று எழுதியிருந்தது. காபி ஆறும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜுரம் வராத பிள்ளைக்கு மாதாமாதம் ஜுர மாத்திரை கொடுக்கும் வீடு எங்கள் காட்பாடியில் இல்லை. உங்கள் பக்கம் உண்டோ என்னவோ.

எங்கள் வீட்டுத் தென்னை இரண்டிலும், இலைச் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ வந்தது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டியதே, அதேதான், தங்களுக்குத் தெரியாததா? கடைக்காரர் கொடுத்த மருந்தை நானும் மூன்று மாதம் அடித்தேன். ஈ போகவில்லை. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை ஒழிக்கும் என்கார்சியா என்ற பொடிக் குளவிதான் போயிற்று. ஈ விடும் இனிப்புக் கழிவு படிந்து மட்டையெல்லாம் கரும்பூசணம், கீழே காயப்போட்ட வேட்டிகூடப் பிசுபிசுத்தது. அப்புறம் மருந்தை நிறுத்தினேன். மட்டையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களைத் தொங்கவிட்டேன். கரும்பூசணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சிய கஞ்சி. இலையில் தெளித்த கஞ்சி வெயிலில் காய்ந்து, பூசணத்தோடு செதில் செதிலாக உதிர்ந்தது. குளவியும் யாரும் அழைக்காமலே திரும்பி வந்தது.

இதையெல்லாம் போன வருடமே எழுதி அனுப்பினேன். இரண்டு வரியாகச் சுருக்கி, மைதாவை மட்டும் விட்டுவிட்டுப் போட்டீர்கள். இடம் இல்லை போலும். அதே இதழில் ஊட்டி ரோஜாவுக்கு முழுப்பக்கம் இருந்தது. கத்திரி வெயிலில் வேலூர் மாடியில் செம்பருத்தி பிழைப்பதே பெரிய விஷயம், இதில் ஊட்டி ரோஜா.

மரத்தைக் காப்பது என்றால் மருந்துப் புட்டி மட்டும்தானா? எங்கள் வாசல் வேம்பின் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் கல் பதித்துவிட்டுப் போனார்கள். வேருக்குத் தண்ணீர் எப்படி இறங்கும்? மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குச் சிமெண்ட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே டெல்லிக்குச் சொல்லிவிட்டது. டெல்லி ரயில் காட்பாடியில் நிற்கத்தான் செய்கிறது. அந்த உத்தரவு மட்டும் இறங்கவில்லை. சரி, உதிர்ந்த சருகையாவது தூரில் மூடாக்காகப் போட்டு வைத்தால், குப்பை என்று வாரிக்கொண்டு போய் எரிக்கிறார்கள். இதைப் பற்றித் தங்கள் பக்கத்தில் ஒரு வரி வந்ததில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்பதை எடுத்துவிட்டு, 'இலையைத் திருப்பிப் பார்த்த பிறகு' என்று ஒரு திருத்தம் போட்டால் போதும். ராசிபலன் பக்கத்தின் மூலையில் என்றாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
காட்பாடி