புதிய சர்வருக்கு ஆர்டர் போடுவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கத் தொடங்கிவிட்டார். உன் மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி; அவளிடம் என் வாழ்த்தைச் சொல்.

மாலையானால் உங்கள் டேட்டாபேஸ் நொண்டுகிறது என்றும், பெரிய சர்வர் ஒன்று வாங்கித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டிருப்பதாகவும் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். ஒப்புதல் வருவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் இதை எழுதுகிறேன். அதே நோய் எங்கள் மருந்துக் கிடங்கிலும் வந்தது. அது தீர்ந்த விதத்தை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்களிடம் இருப்பதும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ்தான். சரக்கு இருப்பைப் பதிவு செய்யும் திரை நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே வந்தது. சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத் திரை, வட்டுக்கு வேலை அதிகம் என்று சிவப்பாகக் காட்டியதே தவிர, அந்த வேலையைக் கொடுப்பது யார் என்று சொல்லவில்லை. வட்டை மாற்றலாம், நினைவகத்தைக் கூட்டலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் சர்வருக்குள் நுழைந்து, போஸ்ட்கிரெஸின் கட்டளை வரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லைத் திறந்து, ஒவ்வோர் அட்டவணையின் கணக்கையும் காட்டும் பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் என்ற பார்வையில் சரக்கு அட்டவணைக்குரிய வரியை மட்டும் கேட்டேன். பின்சாய்வுக் கோடும் எக்ஸும் தட்டிவிட்டுக் கேட்டால், அகலமான வரி திரையில் மடிந்து குழம்பாமல், ஒவ்வொரு விவரமும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும்.

உயிருள்ள வரிகளைவிடச் செத்த வரிகள் பல மடங்கு இருந்தன. ஒரு வரியைத் திருத்தும்போது போஸ்ட்கிரெஸ் பழையதன் மேல் எழுதுவதில்லை, புதுப் பதிப்பொன்றைப் பக்கத்தில் எழுதிவிட்டுப் பழையதை (செத்த வரி என்பது அதுதான்) பின்னர் ஆட்டோவேக்கம் என்ற தானியங்கித் துப்புரவு வந்து கூட்டட்டும் என்று விட்டுவிடும் என்பது நீயும் நானும் அந்தப் பச்சை நோட்டில் எழுதி வைத்த பாடம். இயல்பான அமைப்பை யாரும் மாற்றாத நிலையில், மொத்த வரிகளில் இருபது விழுக்காட்டோடு ஐம்பதைக் கூட்டி வரும் எண்ணிக்கையைச் செத்த வரிகள் தாண்டினால் அது வேலைக்குக் கிளம்பும். ஆகவே ஆட்டோவேக்கம் வரவே இல்லை போலும் என்றுதான் பார்க்கும் எவருக்கும் தோன்றும். ஆனால் அதே வெளியீட்டில் சற்றுக் கீழே, அது கடைசியாக வந்து போன நேரம் சில நிமிடங்களுக்கு முன்பு என்று இருந்தது. வந்து போன தடவைகளின் எண்ணிக்கையும் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. துப்புரவாளர் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறார், குப்பை மட்டும் குறையவில்லை. வட்டுக்கு ஏன் அத்தனை வேலை என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது: பயனில்லாமல் அந்த அட்டவணையை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தது ஆட்டோவேக்கமேதான்.

செத்த வரியை அகற்ற வேண்டுமானால், அதை இனி எந்தப் பரிவர்த்தனையும் (ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியும் கட்டளைத் தொகுதியும்) பார்க்கத் தேவையில்லை என்பது உறுதியாக வேண்டும். அதனால் அடுத்ததாக, இப்போதுள்ள இணைப்புகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பரிவர்த்தனை தொடங்கிய நேரத்தின்படி வரிசைப்படுத்தி, மிகப் பழையதை மேலே வரச் செய்தேன். முதல் வரியிலேயே ஆள் அகப்பட்டான். முந்தின வாரத்தில் ஓர் இரவு தொடங்கிய பரிவர்த்தனை. நிலை, பரிவர்த்தனைக்குள் சும்மா இருப்பு. பயன்பாட்டின் பெயர், எங்கள் மாதாந்திர அறிக்கை நிரல். அது, முடிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க உதவும் கர்சர் ஒன்றைத் திறந்து பாதி வரிகளைப் படித்துவிட்டு, மூடாமல், முடிக்காமல் அப்படியே நின்றிருக்கிறது. பேக்எண்ட்_எக்ஸ்மின் என்ற பத்தியில் பழைய பரிவர்த்தனை எண் ஒன்று இருந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் செத்த எதையும் வேக்கம் தொடக்கூடாது. ஐயத்துக்கு இடமிருக்கக்கூடாது என்று விவரமாகச் சொல்லச் சொல்லி ஒருமுறை கையாலேயே வேக்கத்தை ஓட்டினேன். செத்திருந்தும் இன்னும் அகற்ற முடியாதவை என்று அதுவே கோடிக்கணக்கில் கணக்குக் கொடுத்தது.

பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் கொண்டு அந்த ஒரு இணைப்பை முடித்து வைத்தேன். அடுத்த சுற்றில் செத்த வரிகளின் எண்ணிக்கை சரிந்தது, அன்று மாலை சரக்குத் திரை பழையபடி உடனுக்குடன் திறந்தது. கோப்பின் அளவு குறையவில்லை. சாதாரண வேக்கம் இடத்தை மறுபயன்பாட்டுக்கு விடுவிக்குமே தவிர, பெரும்பாலும் இயங்குதளத்துக்குத் திருப்பித் தராது. முழு வேக்கம் அட்டவணையையே பூட்டிவிடும் என்பதால் அதை விடுமுறை நாளுக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். பரிவர்த்தனைக்குள் சும்மா நிற்கும் இணைப்பைத் தானாகவே வெட்டும் அமைப்பு 9.6 பதிப்பு முதலே இருக்கிறது, ஆனால் நாமாக நேரம் குறிக்காத வரை அது அணைந்தே கிடக்கும் என்பதை உன் ஆட்களிடம் கட்டாயம் சொல்.

இப்போது உன் 99 விழுக்காட்டுக்கு வருகிறேன். கேட்ட தரவில் அத்தனை பங்கும் நினைவகத்திலிருந்தே கிடைக்கிறது என்று பெருமையோடு எழுதியிருந்தாய்; நம் விடுதியில் சதுரங்கத்தில் ஜெயித்த அன்று உன் முகம் இருந்த மாதிரியே அந்த வாக்கியமும் இருந்தது. அந்த எண்ணை நான் நம்பவில்லை. இன்டெக்ஸ் (தேடலைச் சுருக்கும் அகரவரிசை போன்ற பட்டியல்) இல்லாத ஓர் அட்டவணையை ஒரு வினவல், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, ஒவ்வொரு நொடியும் தலையிலிருந்து கால் வரை படித்தாலும், அட்டவணை நினைவகத்தில் இருந்துவிட்டால், ஒவ்வொரு படிப்பும் வெற்றியாகவே எண்ணப்படும். இன்னொரு பக்கம், வட்டிலிருந்து படித்ததாக எண்ணப்படுவதில் ஒரு பகுதி இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருக்கும் இடைமாற்றகத்திலிருந்தே (கேஷ்) வந்திருக்கலாம். போஸ்ட்கிரெஸுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதற்குப் பதிலாக, எந்த அட்டவணையில் முழுப் படிப்பு அதிகம், ஒவ்வொரு முறையும் எத்தனை வரிகள் படிக்கப்படுகின்றன என்று பார். பிறகு, ஒவ்வொரு வினவலின் நேரத்தையும் கணக்கெடுக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸை இயக்கி, மொத்த நேரத்தை அதிகம் தின்னும் வினவல்களை வரிசைப்படுத்து. ஒரு முறைக்கு இரண்டு மில்லிநொடி எடுக்கும் வினவல் ஒரு மணி நேரத்தில் பத்து லட்சம் முறை வந்தால், அரை மணிக்கும் மேலான வேலையை அது ஒன்றே தின்றிருக்கும். மெதுவான வினவல்களை மட்டும் பிடிக்கும் பதிவில் அது எந்நாளும் அகப்படாது.

இந்த எண்ணிக்கைகள் எல்லாம் தொடக்கத்திலிருந்து கூடிக்கொண்டே வருபவை என்பதை மறந்துவிடாதே. ஒரு முறை பார்த்தால் எதுவும் புரியாது. இரண்டு நேரங்களில் எடுத்துக் கழித்துப் பார்த்தால்தான் இடைப்பட்ட பொழுதில் நடந்தது தெரியும். பிஎஸ்க்யூஎல்லின் வாட்ச் கட்டளையைக் கொடுத்தால் இரண்டு நொடிக்கு ஒருமுறை அதே வினவலைத் தானே ஓட்டிக் காட்டும். கட்டளை வரியை நான் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் இதுவே காரணம். வெளியீடு வெறும் எழுத்து. கோப்பில் போட்டு வைக்கலாம், நேற்றையதோடு ஒப்பிடலாம், இணைப்பு மோசமாக இருக்கும் ஊரிலிருந்தும் பார்க்கலாம். சர்வர் முறையாக நிறுத்தப்படாமல் விழுந்து எழுந்தால் இந்தக் கணக்குகள் சுழியிலிருந்து தொடங்கும் என்பதால், எழுதி வைத்திருக்கும் பழக்கம் அப்போது கைகொடுக்கும்.

பெயர் ஒன்றுபோல இருப்பதால் உன் இளைஞர்கள் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றும் உண்டு. பிஜி_ஸ்டாட்ஸ் என்பது நடந்ததன் கணக்கு அன்று. தரவு எப்படிப் பரவியிருக்கிறது என்று அனலைஸ் என்ற கட்டளை எடுத்து வைக்கும் மாதிரிக் கணக்கு அது. வினவலை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் திட்டமிடுவோன் நம்புவது அதைத்தான். இயல்பான அமைப்பில் 30,000 வரிகள் வரை மட்டுமே மாதிரியாக எடுக்கப்படும், அட்டவணை எவ்வளவு பெரியதானாலும். எங்கள் வினவல் ஒன்று மாவட்டத்தையும் அஞ்சல் குறியீட்டையும் சேர்த்துக் கேட்கும். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று எண்ணி, திட்டமிடுவோன் நிகழ்தகவுகளைப் பெருக்கி, மிகச் சில வரிகளே வரும் என்று ஏமாந்துகொண்டிருந்தது. அஞ்சல் குறியீடு தெரிந்தால் மாவட்டம் ஏறக்குறையத் தெரிந்துவிடும் அல்லவா? 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல், இத்தகைய சார்பைக் கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற கட்டளை கொண்டு அதற்குச் சொல்லித் தர முடியும். சொல்லிவிட்டு அனலைஸ் ஓட்டியதும், மதிப்பீடு உண்மைக்கு அருகில் வந்து, திட்டமும் மாறியது.

ஆகவே எனக்கு இரண்டு வெளியீடுகளை அனுப்பு: காலை பத்து மணிக்கு ஒன்று, திரை நொண்டும் மாலைப் பொழுதில் ஒன்று. அட்டவணைக் கணக்கு, பழைய பரிவர்த்தனைகள், வினவல்களின் மொத்த நேரம் ஆகிய மூன்றும் போதும். இதற்காக யாருக்கும் முழு அதிகாரம் கொடுக்க வேண்டியதில்லை, பிஜி_மானிட்டர் என்ற பாத்திரத்தை (ரோல்) வழங்கினால் எல்லாம் தெரியும். ஆக்டிவிட்டி வெளியீட்டில் வினவலின் வாசகம் மதிப்புகளோடு வரலாம் என்பதால், வாடிக்கையாளர் பெயரோ தொலைபேசி எண்ணோ இருந்தால் அந்தப் பத்தியை நீக்கிவிட்டு அனுப்பு. அதுவரை நிர்வாகத்திடம் சர்வர் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப் போடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்