மூன்றாவது கை தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவின் ஸ்தோத்திரம். இங்கு எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலிதான் விடமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. "குழந்தையில தெளிச்சதெல்லாம் ஞானஸ்நானமே இல்லையாம்மா, நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போறேன்" என்றாய். அது உனக்கு ஞாபகமே இல்லை என்றும் சொன்னாய்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது உனக்கு மூன்று மாதம். நம் சபைப் போதகர் ஐயர் உன்னைக் கையில் வாங்கினார். பிதாவின் நாமத்தில் ஒரு கை தண்ணீர், குமாரனின் நாமத்தில் ஒரு கை. நீ அசையாமல் தூங்கினாய். பரிசுத்த ஆவியின் நாமத்தில் மூன்றாவது கை விழுந்ததும் கோயிலே அதிர அழுதாய், உன் சித்தப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ எதையும் கேட்கவில்லை, செய்யவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். நாம் தேடுமுன்னே ஆண்டவர் நம்மைத் தேடி வந்துவிடுகிறார். அப்புறம் திடப்படுத்தலின்போது பேராயர் முன் நின்று உன் வாயாலேயே விசுவாசத்தை அறிக்கை செய்தாயே, அதுவும் கணக்கில் இல்லையா?

முழுக்கை நான் குறைசொல்ல மாட்டேன். ரோமர் 6-இல் பவுல் சொல்கிறபடி கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவதும் உயிர்த்தெழுவதும் முழுக்கில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. உன் தாத்தாவே முப்பது வயதில் தாமிரபரணியில் முழுகியவர்தான், நம் குடும்பத்தில் முதல் ஆள். தண்ணீரைவிட்டுத் தலையைத் தூக்கியதும் அவர் காதில் முதலில் விழுந்தது கரையில் நின்று அவர் அண்ணன் திட்டிய சத்தம். அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். அதே தாத்தாதான், பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் நடுராத்திரியில் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றதைக் காட்டி, உன்னைச் சீக்கிரம் கொண்டுபோகச் சொன்னார். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததாக வேதத்தில் இல்லை, சரி, ஒத்துக்கொள்கிறேன்.

நம் கோயிலில் கடைசி வரிசையில் உட்காரும் அக்காவை உனக்குத் தெரியும். இருபது வருஷமாக வருகிறார். ஞானஸ்நானம் எடுத்தால் பிள்ளைகளின் எஸ்.சி. சான்றிதழ் போய்விடுமோ என்று பயம். 1950-ஆம் வருஷத்து ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தருக்குத்தான் அது உண்டு. ஞானஸ்நானம் பெற்றவர்கள் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போகும்போது அவர் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு எட்டாத அந்த ஒரு கை தண்ணீரைத்தான் நீ செல்லாது என்கிறாய். எனக்கு வலித்தது அங்கேதான்.

நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குழந்தைக்கும் கொடுக்கும், பெரியவருக்கும் கொடுக்கும். இரண்டாம் தடவைதான் கிடையாது. எபேசியரில் "ஒரே ஞானஸ்நானம்" என்று இருக்கிறதே, அதை நீ இப்போது போகிற சபையின் பாஸ்டரிடம் கேள். சண்டைக்கு இல்லை, அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் தெரியவேண்டும்.

அதற்குப் பிறகும் எடுப்பதாக இருந்தால் தேதியை முன்கூட்டியே சொல். டிக்கெட் போடவேண்டும். பெரிய துண்டும் மாற்றுத்துணியும் நான் கொண்டுவருகிறேன். தலை நனைந்தால் உனக்கு உடனே சளி பிடிக்கும்.

அம்மா