சூலூர் சுந்தரத்துக்கு ஒரு கடிதம்

முருகேஷ்பாளையா, பெங்களூர்
2 மார்ச் 2025

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தீபாவளிக்கு முன்பு வந்த உன் கடிதத்துக்கு மாசி பிறந்தும் பதில் எழுதாமல் இருந்தது என் தவறு. அதற்கு நீ என்னைத் திட்டலாம். ஆனால் இன்று நான் எழுத உட்கார்ந்தது வேறொரு தவறைச் சொல்வதற்காக. ஆறு ஆண்டுகளுக்கு முன் எலகங்காவில், உன் மகள் வீட்டு மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றபடி உனக்கு நான் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். போன மாதம் விமானக் கண்காட்சியின் கடைசி நாளன்று பேத்தியோடு போய், நம் விமானப்படையின் சாகச அணியான சூர்ய கிரண் பறந்ததை முதலிலிருந்து முடிவு வரை பார்த்தேன்.

2021இலும் 2023இலும் நான் வாக்கைக் காப்பாற்றியது உனக்குத் தெரியும். அந்த நாட்களில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை பேத்தி கேட்டாள். "தாத்தா, நீங்கள் செய்த என்ஜின் இதில் இருக்கிறதா?" என்று அவள் கேட்டபோது, இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

2019 பிப்ரவரி 19ஆம் தேதி காலையில் நாம் இருவரும் என்ன பார்த்தோம் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாள், ஒத்திகை. சூர்ய கிரணின் இரண்டு ஹாக் விமானங்கள் ஒன்றோடொன்று உரசின; மூன்று விமானிகளில் இருவர் குதித்துத் தப்பினார்கள், விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்துபோனார். கரும்புகை எழுந்தபோது நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எதற்காகடா இதெல்லாம்? யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. இனி இதைப் பார்ப்பதில்லை என்று மட்டும் சொன்னேன். நீ கேட்ட அந்தக் கேள்வியை ஆறு வருடமாக மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறேன். என் பதில் முழுமையானதா என்று தெரியாது. இருந்தாலும் உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

முதலில் நம் பிழைப்போடு சம்பந்தப்பட்ட விஷயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இது இத்தனை காலமாக நம் கண்ணெதிரே இருந்தும் நாம் சேர்த்துப் பார்க்கவில்லை. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் என்ஜின் பிரிவில் நீயும் நானும் முதலில் கைவைத்த ஆர்ஃபியஸை நினைத்துப் பார். பிரிஸ்டல் கம்பெனியில் ஸ்டான்லி ஹூக்கர் வடிவமைத்த என்ஜின். காற்றை அழுத்த ஏழு அடுக்குக் கம்ப்ரசர், அதைச் சுழற்ற ஒரே அடுக்கு டர்பைன், நடுவில் குழாய் போன்ற பருத்த தண்டு, அதைத் தாங்க இரண்டே இரண்டு பேரிங். இதைவிட எளிமையாக ஒரு ஜெட் என்ஜினைச் செய்ய முடியாது என்று நம் மீசைக்காரர் முதல் நாள் வகுப்பிலேயே மேஜையைத் தட்டிச் சொன்னாரே, அது வெறும் பெருமை இல்லை என்பது எனக்கு இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. 1965 முதல் 1979 வரை இங்கிலாந்தின் ரெட் ஆரோஸ் சாகச அணி பறந்தது நாட் விமானத்தில். அதில் இருந்தது ஆர்ஃபியஸ். இத்தாலியின் ஃப்ரெச்சே திரிகலோரி அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பறந்தது ஃபியட் ஜி.91இல், அதிலும் ஆர்ஃபியஸ். நம் சூர்ய கிரண் 1996இல் பீதரில் தொடங்கி 2011 வரை பறந்தது கிரண் மார்க் 2 என்ற பயிற்சி விமானத்தில், அதிலும் ஆர்ஃபியஸ்தான். மூன்று நாடுகளின் சாகச அணிகள், மூன்று வெவ்வேறு விமானங்கள், ஆனால் நெஞ்சுக்குள் ஒரே என்ஜின். ரெட் ஆரோஸ் ஓட்டியது இருவர் உட்காரும் பயிற்சி வகை நாட். நாம் இங்கே கட்டியது ஒருவர் உட்காரும் போர் வகை. அந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் நீ உடனே திருத்தி எழுதுவாய் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. நாட் விமானத்துக்குப் பிறகு ரெட் ஆரோஸ் எடுத்துக்கொண்டது ஹாக். 2015இலிருந்து சூர்ய கிரண் ஓட்டுவதும் ஹாக்தான். அதையும் அதன் அடூர் என்ஜினையும் நமக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் இதே பெங்களூரில் உரிமம் பெற்றுக் கட்டினார்கள். உலகத்தில் மிக அதிகமாகப் பேசப்படும் அணியின் இரண்டு விமானங்களுமே நம் ஊர்க் கொட்டகையிலும் உருவானவை என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்.

ஏன் இந்த அணிகள் சின்னப் பயிற்சி விமானங்களைத் தேடிப் போகின்றன என்று முன்பு நாம் சண்டை போட்டோமே, நினைவிருக்கிறதா? பெரிய போர் விமானம்தான் கம்பீரம் என்று நீ சொன்னாய். உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 1958இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ கண்காட்சியில் அந்நாட்டின் பிளாக் ஆரோஸ் அணி 22 ஹண்டர் போர் விமானங்களை ஒன்றாக லூப் அடிக்கவைத்தது, அதாவது செங்குத்தாக ஒரு முழு வட்டம் சுற்றவைத்தது. நம் விமானப்படையும் 1982இல் ஹண்டர்களைக் கொண்டே தண்டர்போல்ட்ஸ் அணியை அமைத்தது. அமெரிக்கக் கடற்படையின் ப்ளூ ஏஞ்சல்ஸ் 1946இல் ஹெல்கேட்டில் தொடங்கி இப்போது சூப்பர் ஹார்னெட்டில் வந்து நிற்கிறது. ஆனால் 1973இன் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அமெரிக்காவின் இரண்டு அணிகளுமே, ப்ளூ ஏஞ்சல்ஸும் விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸும், ஃபான்டம் என்ற பெரிய போர் விமானத்தைக் கைவிட்டுச் சிறிய விமானங்களுக்கு மாறின. ஒரு ஃபான்டம் குடிக்கும் எரிபொருளில் தண்டர்பேர்ட்ஸ் எடுத்துக்கொண்ட டி-38 பயிற்சி விமானங்கள் ஐந்து பறக்குமாம். செலவு மட்டும் காரணமில்லை. ஓரத்தில் பறப்பவனுடைய பாட்டை யோசித்துப் பார். அணி திரும்பும்போது வெளி விளிம்பில் இருப்பவன் அதே நேரத்தில் அதிக தூரம் போக வேண்டும். ஆகவே முன்னால் போகும் தலைவன் தன் என்ஜினை ஒருபோதும் முழு விசைக்குக் கொண்டுபோகக் கூடாது, பின்னால் வருபவனுக்கு மிச்சம் இருக்க வேண்டும். அந்த மிச்சத்தை நொடிக்கொரு முறை கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்துத்தான் அவன் இடத்தில் நிற்கிறான். விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தொட்டவுடன் பேச்சுக் கேட்கும் என்ஜின் அதற்கு வேண்டும். என்ஜினைச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டில் நீ த்ராட்டிலைத் தள்ளியதும் ஆர்ஃபியஸ் குரலை உயர்த்துமே, அந்தக் கீழ்ப்படிதலைத்தான் நான் சொல்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எலகங்காவில் நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்ற விமானி ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். பேத்தி அவரை விடவில்லை. அவர் சொன்னது: அணியில் பறப்பவன் வானத்தைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்ப்பதில்லை, தன் கருவிகளைக்கூட ஓரக்கண்ணால்தான் பார்க்கிறான். பக்கத்து விமானத்தின் உடலில் இரண்டு புள்ளிகளைத் தேர்ந்துகொண்டு, அவை ஒரே கோட்டில் இருக்கும்படி வைத்துக்கொள்கிறான். கோடு கலைந்தால் தான் நகர்ந்துவிட்டதாக அர்த்தம். தலைகீழாக இருக்கிறோமா நேராக இருக்கிறோமா என்பது தலைவனின் கவலை. தலைவன் ரேடியோவில் கட்டளையை இழுத்து, தாளம் போட்டதுபோலச் சொல்கிறான்; அந்த இழுப்பின் முடிவில் எல்லாக் கைகளும் ஒன்றாக அசைகின்றன. ப்ளூ ஏஞ்சல்ஸ் விமானிகள், வேகத் திருப்பங்களில் உடம்பில் ஏறும் அழுத்தத்தைத் தாங்க உதவும் காற்றுப்பை உடையான ஜி-சூட்கூட அணிவதில்லை. அது கால்களைச் சுற்றி உப்பினால் கட்டுப்பாட்டுக் கோலைப் பிடித்த கை இடறும் என்று அதையும் விட்டுவிட்டு, உடம்பின் தசைகளை இறுக்கியே அந்த அழுத்தத்தைத் தாங்குகிறார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு 1982 ஜனவரி நினைவு வந்தது. நெவாடா பாலைவனத்தில் தண்டர்பேர்ட்ஸின் நான்கு டி-38கள் லூப் அடித்துக் கீழே வந்தன. தலைவனின் விமானத்தில் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட பழுதால் அது போதுமான அளவு மேலே எழவில்லை. மற்ற மூவரும் தலைவனையே பார்த்துக்கொண்டு வந்தவர்கள். நால்வரும் தரையில் மோதினார்கள். நீயும் நானும் முப்பது வருடம் ஃபீலர் கேஜை வைத்து டர்பைன் பிளேடின் நுனிக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தவர்கள். ஒரு பிளேடைக் கையில் எடுத்து, பல்பல்லாக வெட்டிய அதன் அடிப்பாகத்தை விரல் நுனியால் தடவி, ஒரு சிறு பிசிறு இருந்தாலும் தட்டில் தனியே எடுத்துவைத்தவர்கள். தலைவனை நம்பி அந்த மூவர் வந்தார்கள். தலைவன் நம்மைப் போன்ற யாரையோ நம்பி வந்தான். இதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சுந்தரம்.

1988இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் நடந்தது இதைவிடக் கொடியது. ஃப்ரெச்சே திரிகலோரியின் விமானங்கள் வானத்தில் இதயம் வரைந்துகொண்டிருந்தபோது, அதன் நடுவே பாய்ந்து வர வேண்டிய தனி விமானம் மற்றவற்றோடு மோதிக் கூட்டத்தின் மேல் விழுந்தது. மொத்தம் 70 பேர் இறந்தார்கள். அவர்களில் 67 பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அதன்பிறகுதான் கூட்டத்தை நோக்கிப் பறக்கக் கூடாது, கூட்டத்துக்கு இணையாக, இத்தனை தூரம் தள்ளி என்ற விதிகள் பல நாடுகளில் கடுமையாயின. நம் பக்கத்துக் கணக்கும் சின்னது இல்லை: சூர்ய கிரணில் 2006இல் இருவர், 2009இல் ஒருவர், 2019இல் ஒருவர். 2010இல் ஹைதராபாத்தில் கடற்படையின் சாகர் பவன் அணியில் இருவர் இறந்தார்கள். அந்த அணி அதோடு நின்றுபோனது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு நான் ஏன் போனேன்? 2011இல் சூர்ய கிரணை நிறுத்திய விதத்தை நினைத்துக்கொண்டேன். அடிப்படைப் பயிற்சி விமானங்களுக்குப் பற்றாக்குறை வந்தபோது, அந்தக் கிரண்களை மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டு அணி இறங்கிக்கொண்டது. காட்சியைவிடப் பாடம் முக்கியம் என்று அப்போது முடிவெடுத்தவர்களை நான் மதிக்கிறேன். நான்கு வருடம் கழித்து நான்கே ஹாக்குகளோடு மீண்டும் தொடங்கி, படிப்படியாக ஒன்பதுக்கு வந்தார்கள். 2019இலும் அந்தக் கண்காட்சி முடிவதற்குள் மிச்சமிருந்தவர்கள் மறுபடி வானில் ஏறினார்கள். நாம் இருவரும் அன்று பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர்கள் பறந்தது யாரையும் மகிழ்விக்க இல்லை என்று இப்போது நம்புகிறேன். பக்கத்தில் ஒருவன் விழுந்த பிறகும் பக்கத்து இறக்கைக்கு ஐந்து மீட்டருக்குள் போய் நிற்க முடிகிற மனிதர்கள் ஒரு விமானப்படைக்குத் தேவை. அந்த நம்பிக்கையைப் புத்தகத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. பறந்துதான் காட்ட வேண்டும். எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். இறந்துபோனவர்களின் வீட்டில் இதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

அன்று நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு வெள்ளை ஹாக்குகள் ஒன்பதும் வைரம் போல ஒட்டிக்கொண்டு வடக்கிலிருந்து வந்தன. சத்தம் முதலில் வரவில்லை. விமானங்கள்தான் முதலில் வந்தன. தலைக்கு நேரே மேலேறியபோது வெயிலில் ஒன்பது வயிறுகளும் ஒன்றாக மின்னின. என் கை தன்னையறியாமல் பேத்தியின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டது. "வலிக்கிறது தாத்தா" என்றாள். நான் விடவில்லை. கடைசி விமானம் ஓடுபாதையைத் தொட்டு, வால் பக்கம் தெரிய நகர்ந்து போன பிறகுதான் விட்டேன்.

ஒரு குறை. விமானப்படையின் ஹெலிகாப்டர் சாகச அணியான சாரங் இந்த முறை வரவில்லை. அது ஓட்டுவது துருவ் ஹெலிகாப்டர். ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்ததிலிருந்து எல்லாத் துருவ்களும் தரையில் நிற்கின்றன அல்லவா? மயில் தீட்டிய அந்த ஹெலிகாப்டர்களை எதிர்பார்த்து வந்த கூட்டம் நிறைய. பழுது எங்கே என்று கண்டுபிடிக்காமல் ஏற்றாமல் இருப்பதே சரி. நாமும் பிளேடில் பிசிறு இருந்தால் மேலதிகாரி கத்தினாலும் அனுப்பியதில்லை.

மச்சானிடம் கொடுத்தனுப்பிய மைசூர்பாகு கிடைத்ததா? சிவராத்திரிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருந்ததற்கு உன் மனைவியிடம் நான் தனியாகப் புகார் சொல்வேன். வாக்கை மீறியதற்கு என்ன தண்டனை என்று எழுது, ஏற்றுக்கொள்கிறேன். சாரங்கின் தளம் உன் சூலூர்தானே, உன் மாடிக்கு மேல் இந்நாட்களில் அதன் சத்தம் இருக்காது. சாரங் மறுபடி பறக்கும் நாளில், ஜன்னலைச் சாத்தாமல் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, எல்லாம் வந்தனவா என்று எனக்கு உடனே எழுது.

உன் அன்புள்ள,
ராகவன்