பொன்னுக்கு வீங்கிக் கணக்கு யாரிடம் இருக்கிறது?

ஆசிரியருக்கு,

எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வகுப்பில் ஓய்ந்தால் அடுத்த வகுப்பில் ஆரம்பிக்கிறது, அண்ணனுக்குச் சரியானதும் தங்கைக்குக் கன்னம் வீங்குகிறது. எத்தனை பேருக்கு, எந்தத் தெருவில், எந்தப் பள்ளியில் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பெரும்பாலோர் பக்கத்துக் கிளினிக்கில் காட்டி, காய்ச்சல் மாத்திரை வாங்கி, கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலியையும் போட்டுவிடுகிறார்கள். டாக்டரும் அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார், விஷயம் அதோடு முடிந்தது.

இத்தனைக்கும் இது வேலூர்ப் பக்கம். 1980களிலேயே பழைய வடஆற்காடு மாவட்டத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் முன்னின்று நடத்திய நோய்க் கண்காணிப்பில், அரசு டாக்டர்களோடு தனியார் டாக்டர்களும் தட்டம்மை, கக்குவான் மாதிரி நோயைப் பார்த்தால் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுவார்கள். அதை வைத்து அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பார்கள். அதைவிட முக்கியம், மாவட்டத்தில் என்னென்ன நோய் நடமாடுகிறது என்ற மாதாந்தர அறிக்கை அந்த டாக்டர்களுக்கே திரும்பி வரும். எழுதிப் போட்டதற்குப் பலன் தெரிந்தால்தானே மறுபடி எழுதத் தோன்றும்!

இப்போது நோய்த் தகவல்களைப் பதிய ஐ.எச்.ஐ.பி. என்ற அரசு இணையத்தளமே இருக்கிறது, கிராம சுகாதார செவிலியர்கள் வரை அதில் பதிவு செய்கிறார்கள். ஆனால் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் போகிற சின்னச் சின்னத் தனியார் கிளினிக்குகளிலிருந்து அதற்குப் போவது ரொம்பக் குறைவு.

இன்னொன்று. அரசு இலவசமாகப் போடும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான், பொன்னுக்கு வீங்கிக்கு அதில் பாதுகாப்பு இல்லை. அதற்கு எம்.எம்.ஆர். ஊசியைத் தனியாரில் காசு கொடுத்துப் போட வேண்டும். கேரளம், தமிழ்நாடு என்று 2024-இல் இந்த நோய் ஏறியபோதும் இதை அரசின் இலவச ஊசியில் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. சேர்க்கச் சொல்லிக் கேட்கவும் கையில் எண்ணிக்கை வேண்டாமா?

பள்ளிகளையும் சொல்ல வேண்டும். வீக்கம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இது பரவும் என்பதால், வீங்கிய பிறகாவது ஐந்து நாள் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டும். பரீட்சை என்று சொல்லி மூன்றாம் நாளே வரச் சொன்ன பள்ளியும் இங்கே உண்டு. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அந்த வீட்டில் அம்மை என்று தெருவே ஒதுங்கிப் போகும், பள்ளிக்கூடம் அந்த அளவுக்காவது தகவல் சொல்லக் கூடாதா? ஒரே வகுப்பில் இரண்டு மூன்று பேருக்குக் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போதும்.

மாவட்ட சுகாதாரத் துறை ஒரு வாட்ஸ்அப் எண் கொடுக்கட்டும். பெயர் வேண்டாம், நோய், வயது, ஊர் போதும், டாக்டர்களும் பள்ளிகளும் அதில் போடட்டும். வாரம் ஒரு முறை ஊர்வாரியாகத் தொகுத்துத் தந்தால், மின்தடை அறிவிப்புக்குப் பக்கத்தில் நீங்களும் நாலு வரி இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்